பூங்கொடியின் டார்ச்

கிளப்புக்குள் நுழைந்ததும் பூங்கொடி முதலில் பின்கதவைத் தள்ளிப் பார்க்கிறாள். கறுப்பு பேன்ட், முதுகில் 'செக்யூரிட்டி' என்று எழுதிய கறுப்பு டீ-ஷர்ட், இழுத்து முடிந்த கொண்டை. தோளைக் கொடுத்து ஒரு தள்ளு. கதவு அசையாது. வெளிப்பக்கம் தொங்குகிற பூட்டு மட்டும் கடகடவென்று ஆடும். "இன்னிக்கும் பூட்டி வச்சிக்கிறாரு மேனேஜரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் பையை வைப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம்.

ஓசூரில் பஸ் ஏறி, கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி இறங்கினால் அந்த கிளப். அங்கே கூட்டத்தை அடக்கிக் காவல் நிற்கிற பெண் பவுன்சர் அவள். ஞாயிறு மத்தியானப் பார்ட்டிக்குப் பேர்போன இடம். வார லீவு கிடைத்த கம்பெனிப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்களும் வந்து விழுவார்கள். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும். உள்ளே ஜன்னலே கிடையாது. சத்தம் வெளியே போகக் கூடாதென்று கூரை முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கிறார்கள். ஆட வந்தவன் எவனும் அதை அண்ணாந்து பார்ப்பதில்லை. இவள் பார்ப்பாள். அது பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும்.

ஆள் என்னவோ வாட்டசாட்டம்தான். பெண்பிள்ளைகளை உரசுகிறவனைக் காலரோடு சேர்த்து வாசல்வரை இழுத்து வருவாள். அதற்கெல்லாம் பயமில்லை. பயம் கூட்டத்தின் மேல். முன்பு சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்தாள். ஒருநாள் அட்டைப்பெட்டி அடுக்கில் புகை கிளம்பியது. சரக்கு திருட்டுப் போகிறதென்று பின்கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். யாரும் சாகவில்லை, வெளியிலிருந்து யாரோ கடப்பாரையால் நெம்பிவிட்டார்கள். ஆனால் அதுவரைக்கும் அவளைக் கதவோடு வைத்து நசுக்கிய அத்தனை பேரின் பாரமும் இன்னும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. வீட்டில் பாத்ரூம் தாழ்ப்பாள்கூடப் போட மாட்டாள். "உள்ள இருக்கறது தெரியணும்னு பாட்டு பாடினு குளிப்பா. அந்தப் பாட்டுக்கு நெருப்பே தேவல" என்பான் புருஷன் மாதவன்.

மேனேஜர் ஹரீஷ்குமாரிடம் அவள் கேட்காத நாளில்லை.

"அந்தக் கதவ தொறந்து உடுங்க சார். நானே நின்னு பாத்துக்கறேன்."

"டிக்கெட் இல்லாதவன் எல்லாம் அது வழியா பூந்துடறாம்மா. ஓனர் ஆர்டர். நீ அங்க போய் நின்னுட்டா லேடீஸ் பக்கம் உங்க மாமனாரு வந்து பாப்பாரா? சும்னிரம்மா, பேசாம போ."

இந்த வேலைக்கு வந்தபின் அவள் பார்க்காத டி.ஜே. இல்லை. தரம் பிரிப்பதற்கு அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. போஸ்டர் அளவு அதில் சேராது. "ஜனத்த மேல ஏத்தறது எவன் வேணா ஏத்துவான். எறக்கி உடத் தெரியணும்" என்பாள். ஏற்றிவிட்ட வேகத்திலேயே பாட்டை அறுத்துவிட்டுப் போகிறவன் இருந்தால், அன்றைக்கு வாசலில் அடிதடி நிச்சயம். இன்னொன்று, "கண்ணு எங்க இருக்குதுன்னு பாரு. லேப்டாப்புல இருந்தா சுமாரு. ஃபோன்ல இருந்தா வேஸ்ட்டு. ஜனத்து மேல இருந்தாதான் டி.ஜே."

அந்தக் கணக்கில் தேறியவன் சுபாஷ். வாரநாளில் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். ஞாயிற்றுக்கிழமை, பெரிய டி.ஜே. வருமுன் பாதி காலியான ஆட்டத் தளத்துக்குப் பாட்டுப் போடுகிறவன். இருவருக்கும் ஓர் ஏற்பாடு. கூட்டம் நெருக்கினால் இவள் டார்ச்சைத் தூக்கி இரண்டு தடவை அடிப்பாள். அவன் ஆடுகிறவர்களுக்கே தெரியாமல் பாட்டைத் தணித்துவிடுவான். "அக்கா, எனக்கு ஓனரு நீதான்" என்பான் சிரித்துக்கொண்டே.

போன மாதம் மும்பையிலிருந்து ஒரு பெரிய டி.ஜே. வந்தான். கூடவே, பாட்டுப் போடுகிற மேஜையான கன்சோலின் இரண்டு பக்கமும் பொறி கக்கும் மெஷின் வந்தது. பூங்கொடி கூரையைக் காட்டினாள். ஹரீஷ்குமார் பொறிக்குள் கையை நீட்டிச் சிரித்தார். "கோல்டு ஃபயரும்மா, ஜில்லு நெருப்பு. சுடாது."

"உங்க கை என்ன ஸ்பாஞ்சா சார்?"

"இன்னொரு வாட்டி வாயத் தொறந்தா, அடுத்த வாரத்துல இருந்து வராத."

மும்பைக்காரன் மேடையேறினான். பட்டனை ஒரு தட்டு, பிறகு கையை விரித்து ஆட்டம், ஃபோனைத் தூக்கிப் பிடித்துத் தன்னையே படம். "இவன் பாட்டெல்லாம் ஊட்டுலயே சமைச்சி டப்பால எடுத்தாந்துட்டான்" என்று முகம் சுளித்தாள் பூங்கொடி. ஆனால் ஜனம் அவனுக்கு உயிரையே கொடுத்தது. அவன் மைக்கில், முன்னால் வாருங்கள், இன்னும் முன்னால் வாருங்கள் என்று கத்தினான். மொத்தக் கூட்டமும் தடுப்புக் கம்பியில் போய் அப்பியது. பொறி கூரையைப் பார்த்துச் சீறியது. பின்கதவோரம் நின்றிருந்த பூங்கொடியின் கை தானாக முதுகுப்பக்கம் போய்க் கதவைத் தள்ளியது. பூட்டியிருந்தது.

அப்போதுதான் பார்த்தாள். கம்பியோரம் மஞ்சள் டாப்ஸ் போட்ட ஒரு பெண்ணின் கை மேலே வந்தது. அப்புறம் அந்தக் கையைக் காணோம்.

டார்ச்சைத் தூக்கி இரண்டு தடவை அடித்தாள். மறுபடியும் அடித்தாள். மும்பைக்காரன் கண்ணில் வெளிச்சம் பட்டது. அவனுக்கு ஒரே குஷி. யாரோ தனக்கு வெளிச்சம் காட்டுகிறார்கள் என்று நினைத்து, எல்லோரும் ஃபோன் லைட்டைத் தூக்குங்கள் என்று கூவினான். ஒரு நொடியில் அந்த மண்டபம் முழுக்க வெளிச்சம், கார்த்திகை தீபம் மாதிரி. அதற்குள் இவள் டார்ச் எது என்று யார் கண்டார்கள்? தொண்டை கிழியக் கத்தினாள். ஸ்பீக்கர் இடித்த பேஸ் சத்தத்தில் அவள் குரல் அவள் காதுக்கே எட்டவில்லை.

கன்சோல் ஓரத்தில் தன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சுபாஷ் நிமிர்ந்தான். எல்லா வெளிச்சமும் ஆடிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் ஆடாமல் அணைந்து அணைந்து எரிந்தது. குறுக்கே பாய்ந்து மொத்தச் சத்தத்தையும் இழுத்துக் கீழே இறக்கினான்.

அந்த அமைதியில் முனகல் கேட்டது. பூங்கொடி ஆட்களைப் பிளந்துகொண்டு போய் அந்தப் பெண்ணைத் தூக்கினாள். ஒற்றைச் செருப்பு, வெளுத்த உதடு. "நீரு... நீரு..." என்று கன்னடத்தில் தண்ணீர் கேட்டாள். உயிர் இருந்தது. சுற்றிலும் எல்லோரும் சுபாஷைப் பார்த்து ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஷோவைக் கெடுத்த லோக்கல் டி.ஜே. என்று வீடியோ சுற்றியது. சுபாஷை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். ஹரீஷ்குமார் இவளைக் கூப்பிட்டார். "டார்ச்சு அடிக்கற வேலையெல்லாம் வேணாம்மா. வீடியோல அசிங்கமா தெரியுது."

"பின்கதவு சாவி, சார்?"

அவர் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

போன ஞாயிறு டெல்லியிலிருந்து வருகிற ஒருவனுக்குப் போஸ்டர். பொறி மெஷின் மறுபடி வந்திருந்தது, இந்தத் தடவை நான்காக. சுபாஷ் இடத்தில் லாவண்யா என்று ஒரு புதுப்பெண், காதில் பெரிய ஹெட்போனோடு லேப்டாப்பில் குனிந்திருந்தாள். பூங்கொடி பின்கதவைத் தள்ளினாள். பூட்டு ஆடியது. திரும்பி, காலித் தளத்தின் நடுவில் வந்து நின்று, கன்சோலைப் பார்த்து டார்ச்சை இரண்டு தடவை அடித்தாள். லாவண்யா நிமிரவில்லை. முன்வாசல் திறந்து, மணிக்கட்டில் சீல் குத்திய முதல் கும்பல் சிரிப்பும் கூச்சலுமாக உள்ளே வந்தது. ஹரீஷ்குமார் தூரத்திலிருந்து முறைத்தார். பூங்கொடி தூக்கிய கையை இறக்காமல், மறுபடி இரண்டு தடவை அடித்தாள்.