சரக்கு இப்போது யார் கையில்

தாராவியில் ஒரு தோல் பை ஒரே அறையில் உருவாவதில்லை. தோலை வெட்டுவது ஓர் அறை. வெட்டிய துண்டுகளின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது அடுத்த சந்து. தையல் தொண்ணூறடி ரோட்டில். கொக்கி மாட்டி மெருகேற்றுவது வேறெங்கோ ஒரு மாடி. கட்டுக் கட்டாகத் தலையிலும் தோளிலும் ஏறி, சாக்கடைப் பலகைகளைத் தாண்டி, ஒரு பை முழுப் பையாவதற்குள் ஊரையே சுற்றி வந்துவிடும். அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் காலையிலிருந்து ஒரே கேள்விதான். "மாலு இப்ப எங்கன நிக்கி?" மால் என்றால் சரக்கு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ப்ரோக்ராம் ஒன்றை நான் எழுதினேன். மூன்று முறை எழுதினேன் என்பதுதான் கதை.

என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனது. சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன். புனேயில் ஓட்டலில் எச்சில் தட்டு எடுத்தேன். நெருளில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைக் கூட்டிப் பெருக்கி, அங்கேயே படுத்துக்கொண்டேன். கடையில் சும்மா கிடந்த மெஷினில் வீடியோ பார்த்து டேட்டாபேஸ் கற்றது அங்கேதான். பேசுகிறவரின் ஆங்கிலம் பாதிதான் புரியும், ஆனால் அவர் போட்டுக் காட்டும் டேபிள்கள் முழுசாகப் புரிந்தன. கற்றதும் அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன். ஓர் இடத்தில் நிற்கிற கால் இல்லை எனக்கு.

தாராவியில் ஏணி வழியாக ஏறிப்போகும் ஒரு மாடியறை கிடைத்தது. நான்கு பேர் படுப்போம். மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும், மூன்று பேர்தான் படுக்கலாம். நான்காவது ஆள் உட்கார்ந்திருப்பான். முறை வைத்துக்கொண்டோம்.

நான் வேலை பார்த்த பைப் பட்டறையை நடத்தியது கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஓர் அம்மா. வயது வித்தியாசம் பார்க்காமல் சந்து முழுக்க அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். அவருடைய தம்பி தோல் வாங்க வெளியூர் அலைவார். ஆர்டர் பிடிப்பது, வேலை பிரித்துக் கொடுப்பது, திட்டுவது எல்லாம் ராத்தா. பெரிய ஆர்டர்கள் ஒரே ஏஜெண்ட் வழியாக வந்தன. செம்பூரில் ஆபீஸ் வைத்திருக்கும் தமிழர். அவர் ஒருநாள் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"மேடம், சரக்கு எங்க இருக்குன்னு கேட்டா சாயந்திரம் சொல்றேங்கறேள். எனக்கு வெளிநாட்டுக்காரன் லைன்ல காத்துண்டிருக்கான். கேட்ட உடனே சொல்ற இடத்துக்குத்தான் அடுத்த சீசன் ஆர்டர். இல்லேன்னா நான் கல்கத்தா பாத்துக்கறேன்."

அந்த ஆர்டர் போனால் ராத்தாவை நம்பியிருக்கும் அறைகளில் பாதி மெஷின் நின்றுவிடும். என் வேலையும் அதோடு நின்றுவிடும்.

முதலில் நான் புத்தகத்தில் சொல்கிற மாதிரிச் சுத்தமாகச் செய்தேன். பட்டறைகளுக்கு ஒரு டேபிள், கட்டுகளுக்கு ஒன்று. ஒரு கட்டு கை மாறும்போதெல்லாம் நகர்வு டேபிளில் ஒரு வரி. எதையும் அழிப்பதில்லை, கீழே சேர்த்துக்கொண்டே போவது. கடைசி வரி எங்கே கை காட்டுகிறதோ அங்கே சரக்கு இருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வரிகள் பெருகப் பெருக, ராத்தா ஒரு கேள்வி கேட்டால் ப்ரோக்ராம் எல்லா வரிகளையும் முதலிலிருந்து புரட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் கடைசி வரியைத் தேடிப் பிடித்து, பட்டறையின் பெயரை வேறு டேபிளில் போய்க் கேட்டு வந்தது.

"ஏலே, இது சுத்துது சுத்துது, நிக்கவே மாட்டேங்கு!" போனைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டு ராத்தா கத்தினார். "அவிய லைன்ல இருக்காவ. நேரம் போக்க நான் எத்தன தடவதான் அங்க மழை பெய்யுதான்னு விசாரிக்க?"

இரண்டாவது முறை எல்லாவற்றையும் ஒரே டேபிளில் கொட்டினேன். கட்டுக்கு ஒரே வரி. அந்த வரியில் வெட்டு, சீவல், தையல், மெருகு என்று வேலைக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் பட்டறையின் பெயரையே எழுதிவிட்டேன். எங்கேயும் போய்க் கேட்க வேண்டியதில்லை. பித்தானை அமுக்கிய விரலை எடுப்பதற்குள் பதில் திரையில் நின்றது.

"யா அல்லா, நான் இன்னும் கேக்கவே இல்லியே, வந்துட்டு!" ராத்தா மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது. சும்மாவே பத்துப் பதினைந்து தடவை அமுக்கிப் பார்த்தார். பக்கத்து அறை ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. அன்று ஏஜெண்ட் போன் செய்தபோது அவர் 'ஹலோ' சொல்லி முடிக்கும் முன்பே ராத்தா பதில் சொல்லிவிட்டார்.

ஆனால் தாராவியில் யாரும் வேலை வேண்டாம் என்று சொல்வதில்லை. கை நிறைய இருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். வாங்கிக்கொண்டு பாதியைச் சொந்தக்காரன் அறைக்கு அனுப்புவார்கள். எங்கள் தையல் மாஸ்டர் தன் மனைவியின் தம்பிக்கு அனுப்புவார், மாட்டுங்கா லேபர் கேம்பில் அவனுக்கு ஒரு பரண் அறை. என் டேபிளிலோ ஒரு கட்டுக்குத் தையல் கட்டம் ஒன்றுதான். 'தையல் இரண்டு' என்று இன்னொரு கட்டம் சேர்த்தேன். ரிப்பேருக்குத் திரும்பி வந்த பைகளுக்காக 'தையல் மூன்று' வந்தது. இங்கே வீடுகள் மேலே மேலே அறை போட்டுக்கொண்டு வளர்வதைப் போல என் டேபிள் பக்கவாட்டில் வளர்ந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் திரையை மாற்ற வேண்டும், தேடலை மாற்ற வேண்டும். பெருநாளுக்குப் பிறகு ஒரு மாஸ்டர் மெஷின்களை அடுத்த சந்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவர் பெயர் இருந்த வரிகளையெல்லாம் தேடித் தேடித் திருத்தினேன். அடுத்து யாராவது பாதியைக் கொடுத்துவிட்டதாக ராத்தா சொன்னபோது நானே சொன்னேன், "இப்போதைக்கு ஒரு பேர்தான் போட முடியும் ராத்தா."

ஒருநாள் ஏஜெண்ட் கேட்டார், திரை உடனே 'தொண்ணூறடி ரோடு' என்றது. அவர் தன் ஆளையே அங்கே அனுப்பினார். பாதிதான் இருந்தது.

"பதில் வேகமாத்தான் வரது மேடம்," என்றார் போனில். "தப்பாவும் வரதே. அடுத்த மாசம் நானே வரேன். எந்தக் கட்டைக் கேக்கறேனோ அதை நீங்க காட்டணும். அதுக்கப்புறம் ஆர்டரைப் பேசலாம்."

ராத்தா தையல் மாஸ்டரைக் கூப்பிட்டு விட்டார். "ஏன்யா, பாதி கொடுத்தத ஏன் சொல்லல? எம் மானம் போச்சு!"

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் மொதல்லெல்லாம் சொல்லிட்டுத்தான இருந்தேன் ராத்தா? நீங்கதான அதுக்கு இடம் இல்ல, ஒரு பேருதான் போட முடியும்னிய. எழுதவே போறதில்லன்னா பொறவு எதுக்குச் சொல்ல?"

நான் துள்ளி எழுந்ததில் தலை தகரத்தில் இடித்தது. வலி பிறகுதான் தெரிந்தது. சரக்கு ஒளிக்கப்படவில்லை! சொல்வதற்கு டேபிளில் இடம் இல்லாததால் சொல்வதையே விட்டுவிட்டார்கள். கேள்வி வேகமாக ஓட வேண்டும் என்று டேபிளை நறுக்கினேன், நறுக்கின இடத்தில் மனிதர்களின் வாயும் அடைபட்டுப்போனது. மாஸ்டரைக் கட்டிப்பிடித்தேன். "என்னல இவனுக்கு?" என்று அவர் ராத்தாவைக் கேட்டார்.

பழைய சுத்தமான டேபிள்களுக்கே திரும்பினேன். பட்டறையின் பெயர் ஒரே ஓர் இடத்தில். நகர்வுக்கு ஒரு வரி, அதில் கட்டின் எந்தப் பங்கு என்பதும் உண்டு. பாதி போனாலும் கால்வாசி போனாலும் ரிப்பேருக்குத் திரும்பினாலும் அது இன்னொரு வரி, அவ்வளவுதான். இந்தத் தடவை வேகத்தை வேறு இடத்தில் தேடினேன். நகர்வுகளைக் கட்டு வாரியாக, நேர வாரியாக அடுக்கி ஓர் இண்டெக்ஸ் போட்டேன். மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கியதும் படிக்கட்டு வர வேண்டும் என்றால் எந்தப் பெட்டியில் ஏறுவது என்று தெரிந்தவன் நேராக அங்கே போய் நிற்பான் இல்லையா, அதுபோலத் தேடல் கடைசி வரிக்கு நேராகப் போய் நின்றது. முதல் தடவையே இதைப் போட்டிருந்தால் பாதி சண்டை இருந்திருக்காது. அப்போது அந்த வீடியோ வரை நான் வந்திருக்கவில்லை.

ஆனாலும் சீசன் முழுவதையும் ஒரே திரையில் பார்க்க ராத்தா கேட்டபோது கொஞ்சம் திணறியது. அதற்காக ஒரு சின்ன டேபிள் வைத்தேன். ஒவ்வொரு பங்கும் இந்த நிமிடம் எங்கே என்பது மட்டும் அதில் இருக்கும். நகர்வு எழுதப்படும்போது ப்ரோக்ராமே இதையும் மாற்றும். மனிதக் கை அதில் படாது.

ராத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு எடத்துல இருந்தா ரெண்டும் வேற வேற சொல்லாதா? எந்த டேபிள் பேச்சக் கேக்க?"

"எப்பவும் நகர்வு சொல்றதுதான் ராத்தா. இது அதோட நிழல். பாருங்க." அவர் கண்ணெதிரே அந்தச் சின்ன டேபிளை அழித்தேன்.

"அடப்பாவி! சீசன் மாலு பூரா!" ராத்தா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

நகர்வுகளிலிருந்து அதைத் திரும்பக் கட்டும் கட்டளையை ஓட்டினேன். டீக்காரர் கிளாஸை வைத்துவிட்டுப் போவதற்குள் எல்லாம் வந்து நின்றது. ராத்தா மறுபடி உட்கார்ந்தார். "இன்னொரு மட்டம் அழி, பாப்போம்," என்றார்.

ஏஜெண்ட் வந்த நாளில் நல்ல மழை. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். திரையில் தானே ஒரு கட்டைத் தேர்ந்தெடுத்தார். பாதி தொண்ணூறடி ரோட்டில் என்றது, மீதி லேபர் கேம்ப் பரணில் என்றது. தையல் மாஸ்டர் அறையில் ஒரு பாதி சரியாக இருந்தது. மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு, ஏஜெண்டும் ராத்தாவும் நானும் கணுக்கால் தண்ணீரில் லேபர் கேம்புக்கு நடந்தோம். அன்று காலை மாஸ்டர் சொல்லாமல் எதையாவது நகர்த்தியிருந்தால் எல்லாம் போச்சு.

ஏணி வழுக்கியது. மேலே மைத்துனன் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "என்ன, பெரியாளுங்கல்லாம் வந்துருக்காவ!" அவன் காலடியில் மீதிக் கட்டு இருந்தது. ஏஜெண்ட் எண்ணினார். ஒன்றும் குறையவில்லை.

நான் மூச்சு விடுவதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார். "சரி. இந்த மாசம் ரிப்பேருக்குத் திரும்பினதெல்லாம் யார் தைச்சது?"

அப்படி ஒரு கேள்வியை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. பழைய டேபிளாக இருந்தால் அடுத்த வாரம்தான் பதில். நான் ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் குடைக்கு அடியில் வைத்து, கேள்வியை மட்டும் புதிதாக எழுதினேன். டேபிள் எதையும் தொடவில்லை. பதில் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிடிக்கட்டும், இதைக் கேட்டுக்கொண்டு யாரும் லைனில் காத்திருக்கவில்லை. வந்தது. முக்கால்வாசி ரிப்பேர் தையல் மாஸ்டரின் அறையிலிருந்து. பரணிலிருந்து திரும்பியவை ஒன்றிரண்டுதான்.

மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தான், இனிமே நீங்க எனக்குப் பாதி தர வேண்டாம். நான் ஒங்களுக்குத் தாரேன்."

"வாய மூடுல," என்றார் மாஸ்டர். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஏஜெண்ட் சிரிக்கவில்லை. ஈரமான கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தபடி ராத்தாவிடம், "தையலை இந்தப் பரண் பையன்கிட்டயே நேரா கொடுங்கோ. சீசன் ஆர்டர் உங்களுக்குத்தான், திங்கக்கிழமை சாம்பிள் அனுப்பறேன்," என்றார்.

ராத்தா போனிலேயே ப்ரோக்ராமைத் திறந்தார். பட்டறைகள் டேபிளில், அதுவரை மாஸ்டர் பெயரின் கீழ் இருந்த பரண் அறையைத் தனிப் பெயரில் அவரே ஒரு வரியாகச் சேர்த்தார். எழுத்து கூட்டிக் கூட்டி, மழைத்துளியைத் துடைத்துத் துடைத்து அடித்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் ஏணியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.