பலகையில் ஏறாத 291

கம்பி கட்டுகிறவர் அந்த இடத்தை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகாலுக்கு. மேஸ்திரியின் காரில், பின்வாசல் வழியாகப் போனார். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஜன்னலிலிருந்து பார்த்தது காரை மட்டும்தான். பதினோரு மாடிக் கட்டடத்துக்குச் சாமான் வரும் வழி அது, ஆள் போகும் வழியல்ல. அரை மணி கழித்து மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது. கம்பிக்காரருக்கு வீட்டில் ஏதோ அவசரமாம், இன்றைக்கு வேலைக்கே வரவில்லையாம், லீவு போட்டுவிடச் சொன்னார். வருகைப் பதிவேடும் அவள் பொறுப்புதான். தலை நிமிராமல் ‘லீவு’ என்று எழுதிவிட்டு, ஆணிப்பெட்டிகளை எண்ணப் போய்விட்டாள்.

வாசல் பலகையில் அன்றைக்கு 287. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பச்சையில் எழுதி, கீழே மூன்று கொக்கிகள். தினமும் ஏழு மணிக்கு எண் தகடுகளை மாற்றி மாட்டுவது ஸ்டோர் அக்கா. 300 வந்துவிட்டால் காவலாளி முதல் பொறியாளர் வரை எல்லோருக்கும் சம்பளத்தோடு பத்து நாள் விடுமுறை.

அந்த ஒப்பந்தக் கம்பெனி வேறு சலுகைகளும் தந்துகொண்டுதான் இருந்தது. காப்பீட்டு அட்டை, வருஷத்துக்கு இரண்டு ஜோடி பூட்ஸ், பிறந்தநாளுக்கு மேலாளர் கையெழுத்திட்ட வாழ்த்து. அதையெல்லாம் யாரும் பேசமாட்டார்கள். பேச்செல்லாம் பலகைதான். எவனாவது இடறினால், “பாத்து நடடா, எங்க லீவு மேல விழுந்துடாத” என்பார்கள். முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் பதிவேட்டில் ஏறும் என்று ஆளாளுக்குச் சட்டைப் பையில் சொந்தமாக பிளாஸ்டர் வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி.

அக்காவும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். அவள் மகள் ரயிலில் இரண்டு நாள் தூரத்தில், பெரியம்மா வீட்டில் இருந்து படித்தாள். மகளைப் பார்த்து ஒன்றரை வருஷம். 300 வந்ததும் போய்ப் பார்க்க டிக்கெட் எடுத்தாயிற்று. தினம் சாயங்காலம் போனை எடுத்ததும் அந்தப் பெண்ணின் முதல் கேள்வி, “இன்னிக்கு எத்தனைம்மா?”

செவ்வாய் சாயங்காலம் மேஸ்திரி ஒரு ஜோடி கையுறையைக் கொண்டுவந்து வைத்தார். பழைய ஜோடி வந்தால்தான் புது ஜோடி, அது ஸ்டோர் வழக்கம். உள்பக்கம் கம்பிக்காரரின் எண் இருந்தது. பத்து நாளாக ஒரு சொட்டு மழை இல்லை, ஆனால் கையுறை ஈரமாக இருந்தது. இடது கையில் மூன்று விரல் இருக்க வேண்டிய இடம் தட்டையாக நசுங்கி, தையல் பிளந்து கிடந்தது. இப்படிப்பட்ட கையுறையைக் குப்பையில் போடாமல் முறைப்படி ஸ்டோரில் ஒப்படைக்க அந்த மேஸ்திரியால்தான் முடியும். கணக்கில் அவ்வளவு சுத்தம்.

“இதை எதுக்குத் துவைச்சீங்க?” என்று கேட்டாள்.

“அழுக்கா இருந்துச்சு” என்றார் மேஸ்திரி. அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “பதிமூணு நாள்தாம்மா. அவனே ஒத்துக்கிட்டான். உங்க பொண்ணு காத்துட்டு இருக்குல்ல?”

அவள் கையுறையை அலமாரியில் வைத்தாள். கீழ்த்தட்டுக்கு மாற்றினாள். மறுபடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். புதன், வியாழன் இரண்டு நாளும் ஸ்டோரில் இருந்த ஹெல்மெட்டுகளை நிறவாரியாக அடுக்கிக் கலைத்தாள். 288 மாட்டினாள், 289 மாட்டினாள். தகடு கொக்கியில் உட்காருகிற சத்தம் நாள் முழுக்கக் காதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை கம்பிக்காரரின் மனைவி போன் செய்தாள். விரல்களைக் காப்பாற்ற இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டுமாம். காப்பீட்டு அட்டையைக் காட்டினால், அன்றைக்கு இவர் வேலையிலேயே இல்லை என்று கம்பெனி பதில் அனுப்பியிருக்கிறதாம். அடிபட்ட ஐந்து நாளுக்குள் விபத்து என்று பதிவாகாவிட்டால் அட்டை செல்லாதாம்.

“லீவுன்னு யாரோ எழுதியிருக்காங்கக்கா. யாருன்னு தெரியுமா?”

பார்த்துச் சொல்கிறேன் என்று அக்கா போனை வைத்துவிட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அப்படியே மூடினாள்.

சனிக்கிழமை ஐந்தாவது நாள். ஏழு மணிக்கு ஏணியில் ஏறி மூன்று தகட்டையும் கழற்றினாள். நடுக் கொக்கியில் பூஜ்யத்தை மட்டும் மாட்டினாள். இறங்கியதும் நேராக மேலாளர் அறைக்குப் போய், மேசை மேல் கையுறையையும் பதிவேட்டையும் வைத்தாள். “இந்த லீவு நான் எழுதினது. தப்பா எழுதிட்டேன். அவர் அன்னிக்கு வேலைக்கு வந்திருந்தார்.”

மேலாளர் கையுறையைத் தொடவில்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காப்பீட்டுக்கு விபத்து என்று கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார். அக்காவுக்கும் மேஸ்திரிக்கும் ஒரே நாளில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பெயின்டர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, “அக்கா நமக்கெல்லாம் முட்டை போட்டுட்டாங்கப்பா” என்றார். அன்று முதல் அவள் முட்டை அக்கா. மத்தியானம் சாப்பாட்டு பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்க ஆளில்லை. சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

சாயங்காலம் போன் வந்தது. “இன்னிக்கு எத்தனைம்மா?”

“முட்டைடா.”

“சரி, நான் பெரியம்மாகிட்ட குடுக்கறேன்” என்றாள் மகள். அக்கா டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள்.

அந்தக் கட்டடம் முடிவதற்குள் அவள் வேறு கம்பெனிக்குப் போனாள். அங்கிருந்து இன்னொன்று, ஒரு பாலம், ஒரு மருத்துவமனை. எங்கேயும் எட்டு மாதத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. எந்த வாசலில் நுழைந்தாலும் முதலில் கண் பலகையைத்தான் தேடும். கம்பிக்காரரின் கை என்ன ஆயிற்று என்று கேட்க நூறு முறை போனை எடுத்திருப்பாள். ‘லீவு’ என்று எழுதிய கை அது. அந்தக் கையால் எண்ணை அழுத்த மனம் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது.

“அக்கா, நான் கம்பிக்காரன். உங்க நம்பர் இப்பதான் கிடைச்சுது. ரெண்டு விரல் நல்லா மடங்குது, ஒண்ணு மட்டும் சோம்பேறி. கம்பி கட்ட முடியல, இங்க ஒரு சைட்ல ஸ்டோர் பாத்துக்கறேன். இங்கயும் பலகை இருக்கு. நேத்து ஒரு பையன் கால்ல ஆணி ஏறிடுச்சு, மறைக்கச் சொன்னாங்க. காலையில நான் முட்டை மாட்டிட்டேன். ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க. நீங்க அப்போ மத்தியானம் எங்கக்கா உக்காந்து சாப்பிட்டீங்க?”