ஒரு பூனைக்கு ஒரு துணி

மெஹருன்னிசா சிஸ்டர் காலமான செய்தியை அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னார். “அம்மா விடியக்காலைல மௌத்தாயிட்டாங்க மாமி. துக்கத்துக்கு ஆளுங்க வர்றாங்க. பூனைங்க ஒன்பதையும் மாடி ரூம்ல போட்டு மூடிட்டேன்.”

முதலில் பூனைகளைப் பற்றித்தான் கேட்டேன். “ஒரே ரூம்லயா? உடனே பிரிச்சு விடுங்கோ தம்பி. இல்லேன்னா நாலு நாள்ல எல்லாக் கண்ணும் ஒட்டிண்டுடும்.”

கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் சிஸ்டர். நம் பூனை வளர்ப்போர் குழுவில் இதைப் படிக்கும் உங்களில் பலருடைய பூனைகளுக்கு அவர் கை சொட்டு மருந்து விட்டிருக்கும். நான் அவரை அறிந்தது ஒரு தவறினால்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் பதினான்கு பூனைகள். அடைமழை என்று எல்லாவற்றையும் பின்கட்டு அறையில் வைத்திருந்தேன். சாம்பு என்ற குட்டிக்குக் கண்ணில் சீழ் கட்டியது, பிறகு மற்றவற்றுக்கும். தில்லை நகர் டாக்டரின் மருந்தில் ஆறிய கண் மறு வாரமே ஒட்டிக்கொண்டது. சாம்புவின் இடது கண் வெளுத்துவிட்டது. வலது கண்ணும் போய்விடும் என்ற நிலையில்தான் யாரோ சொல்லி சிஸ்டர் பஸ் ஏறி வந்தார்.

நான் கண் துடைப்பதை நின்று பார்த்தார். கொதித்து ஆறிய நீர், இஸ்திரி போட்ட மல்துணி, வரிசையாகப் பதினான்கு முகங்கள்.

“என்ன சுத்தம் மாமி!”

“கான்வென்ட்ல படிச்சவ நான்.”

“அந்தச் சுத்தமான துணிதான் ஒரு கண்ணு சீக்கை எடுத்து அடுத்த கண்ணுல வைக்குது.”

வாசலைக் காட்டியிருப்பேன். சாம்பு மடியில் இருந்ததால், “பின்ன எப்படித் துடைக்கறது?” என்றேன்.

“ஒரு பூனைக்கு ஒரு துணி. நல்லா இருக்கறதை முதல்ல தொடுங்க, சீக்கைக் கடைசியில. நடுவுல கை கழுவுங்க. முதல்ல கூட்டத்தைக் குறைங்க மாமி. நெருக்கடியில மிரண்டுகிட்டே இருக்கற பூனைக்கு எந்த மருந்தும் நிக்காது.”

“துணி மாறிப்போயிடுமே?”

“கான்வென்ட்ல தையல் சொல்லித் தரலையா?”

பதினான்கு துணிகளில் பதினான்கு பெயர்களைத் தைத்தேன். எட்டுப் பூனைகளுக்கு வேறு வீடு பார்த்தோம். சாம்புவின் இடது கண் திரும்பவில்லை. வலது கண் பிழைத்தது.

சிஸ்டர் வீட்டில் பத்தாவது பூனைக்கு இடம் கிடையாது. கூடையோடு வந்த ஒருவரிடம் அவர் சொன்னது நினைவிருக்கிறது: “இதுக்கு மேல வச்சா பாசம் இல்லீங்க, பேராசை.” அனுப்பிவிடவில்லை, அந்தக் குட்டிக்கு வீடு கிடைக்கும்வரை மாலை முழுவதும் போன் செய்துகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் நான் போனபோது ஒன்பதும் தனித்தனி இடங்களில் இருந்தன. ஒன்றுக்கு மட்டும் கண்ணில் நீர் வடிந்தது. “நீங்களே எல்லாத்தையும் எடுத்துக்குங்களேன் மாமி,” என்றார் மகன். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் என் வீட்டில் ஆறு இருக்கின்றன. மறுத்தேன். சிஸ்டருடைய நோட்டில் இருந்த எண்களுக்குப் போன் செய்ய உட்கார்ந்தேன்.

ஏழு பூனைகள் உங்கள் வீடுகளுக்கு வந்துவிட்டன, பெயர் தைத்த துணியோடு. நீர் வடிந்த கண் தெளிந்துவிட்டது. அதுவும் இன்னொன்றும் சிஸ்டர் வீட்டிலேயே காத்திருக்கின்றன; இரண்டின் துணிகளும் தயார்.

சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, நல்லது முதலில் சீக்கு கடைசியில் என்ற அந்த வரிசைதான். காலையில் ஒவ்வொரு முகமாகத் துடைத்து, ஒவ்வொரு முறையும் கை கழுவி, கடைசியில் சாம்புவிடம் வருகிறேன். அது தன் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்க்கிறது. அதன் துணியை எடுக்கிறேன்.