சௌந்திரத்தின் கையும் முதலை முட்டையும்

சௌந்திரத்துக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. இராசிபுரத்துக்கு வெளியே குமாரசாமியின் குஞ்சு பொரிக்கும் பண்ணையில், முட்டை அறையில் ஒன்பது வருஷமாக வேலை. பிள்ளையில்லாதவள் அடைமுட்டையைத் தொடக்கூடாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. நாளுக்கு நான்கு முறை அவள் திருப்பிவிட்ட முட்டைகள் தட்டுத் தட்டாகக் குஞ்சாகிக்கொண்டிருந்தவரை அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் ஒரு ஈடு முட்டை கெட்டது. பொரிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் ஓட்டுகிற எஞ்சினில் டீசலும் இல்லை. வாங்கி வைக்க மறந்தவர் முதலாளி. பாதிக்கு மேல் ஓட்டுக்குள்ளேயே செத்தன. முதலாளியின் மனைவி தெய்வநாயகி கண்டுபிடித்த காரணமோ வேறு.

"மலடி கை பட்டா எப்படிப் பொரியும்? அவளைக் கூண்டடியில எரு அள்ள உடுங்க" என்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து எரு வேலை என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள்தான் முதலாளியும் மனைவியும் பண்ணைப் பெண்களை ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா கூட்டிப்போவதாக இருந்தது. சௌந்திரம் வரமாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவள் முதல் ஆளாக வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏனக்கா, இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டா ஊர் பாக்க வாரே?" என்றாள் கூட வேலை செய்யும் குப்பாயி.

"எனக்கு இருக்கறது ஒரு மூஞ்சிதான் அம்மணி. எங்க போனாலும் அதோடதான் போவேன்."

அருவியில் குளித்துவிட்டு முதலைப் பண்ணைக்குப் போனார்கள். தொட்டி ஓரத்தில் முதலைகள் வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்தன. "நம்ம மொதலாளியம்மாளாட்டவே இருக்குது" என்று குப்பாயி காதோடு சொன்னாள். சௌந்திரத்துக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

கம்பி வலைக்குள் காவலாளி அங்கமுத்து மணலைக் கையால் விலக்கிக்கொண்டிருந்தார். மணலுக்கடியிலிருந்து தவளை கத்துவதுபோல் சத்தம் வந்தது. குட்டிகள் ஓட்டுக்குள்ளிருந்தே கூப்பிடுகின்றன, இன்றைக்குப் பொரிந்துவிடும் என்றார் அவர்.

"இதுகளை ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க திருப்புவீங்க?" என்று கேட்டாள் சௌந்திரம்.

"திருப்பறதா? நல்லாச் சொன்னே! ஆரம்பத்துல திருப்பினா உள்ள இருக்கற கரு செத்துப்போயிரும்மா. வெச்சது வெச்சபடி இருக்கணும்."

"எங்க கோழிமுட்டைய அப்படி வெச்சா ஓட்டோட ஒட்டிக்குமுங்க."

இருவரும் தொழில்காரர்கள்போல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கமுத்து விரிசல் விட்ட முட்டை ஒன்றை எடுத்து வலையின் திறப்பு வழியாக நீட்டினார். "இனிப் பயமில்லை. புடிச்சுப் பாக்கறியா?"

"அவ கையில குடுக்காதீங்க! பொரியற நேரத்துல அவ தள்ளி நிக்கட்டும்" என்று பின்னாலிருந்து கத்தினாள் தெய்வநாயகி.

சௌந்திரம் நகரவில்லை. இரண்டு கையையும் குவித்து வாங்கினாள். ஓடு பிளந்து, விரல்நுனி அளவுக்கு ஒரு மூக்கு வெளியே வந்து, அவள் கட்டைவிரலைக் கவ்வியது. இரத்தம் துளிர்த்தும் அவள் கையை உதறவில்லை.

"பாத்தீங்களா, அக்கா கைராசிய!" என்று குப்பாயி குதித்தாள். மற்றப் பெண்களும் கைதட்டினார்கள். தெய்வநாயகிக்குக்கூட முகம் இளகியது. "ராசி திரும்பிருச்சாட்ட இருக்குது."

"ராசியுமில்லை, ஒண்ணுமில்லைங்க" என்றாள் சௌந்திரம். "இத்தனை நாளு சூட்டுல இருந்துச்சு, பொரிஞ்சுது. நம்ம முட்டைக்கு ஒரு பகல் சூடு இல்லை, செத்துச்சு. அதுக்கும் என் கை காரணமில்லை, இதுக்கும் என் கை காரணமில்லை. எஞ்சினுக்கு யாருங்க டீசல் ஊத்தலை?"

குமாரசாமி முதலையைப் பார்த்தபடி நின்றார். சௌந்திரம் குட்டியை அங்கமுத்துவிடம் கொடுத்துவிட்டு முதலாளி எதிரில் வந்து நின்றாள்.

"நாளைக்கு நான் முட்டை ரூமுக்குத்தான் போவேனுங்க. வேண்டாம்னா இங்கயே சொல்லிப்போடுங்க. எரு அள்ள வேற ஆளைப் பாத்துக்கோங்க."

"ஏனுங்க, நாலு பேரு முன்னால இப்படிப் பேசறா, பாத்துட்டு நிக்கறீங்களே!" என்றாள் தெய்வநாயகி.

"அவ சொல்றது நெசந்தானே" என்றார் குமாரசாமி, தலை நிமிராமல். "டீசல நாந்தான் மறந்துட்டேன்."

திங்கட்கிழமை காலையில் அவள் போனபோது முட்டை அறை பூட்டியிருந்தது. சாவி தெய்வநாயகியிடம். சௌந்திரம் வாசலில் நின்று கையை நீட்டினாள். தெய்வநாயகி வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துவிட்டு, அதில் சாவியை வைத்தாள்.