கணவர் எதிரணிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

அறுபத்து நான்கு பேருந்துகள் காலையில் எந்த வரிசையில், எத்தனை நிமிட இடைவெளியில் வெளியே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது அவள் வேலை. பணிமனை வாசலில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, மேசையில் இரண்டு தொலைபேசி, ஒரு மைக். ஓட்டுநர்கள் அவளை ‘டைம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே தடத்தில் இரண்டு பேருந்துகள் ஒட்டிக்கொண்டு போவதைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “முன்னால போறது பிதுங்கி வழியும், பின்னால போறது காத்து வாங்கும். ரெண்டு நிமிஷம் பொறுத்துப் போனா என்ன குறைஞ்சு போகுது?” என்று மைக்கிலேயே கேட்பாள். கேட்டால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

வீட்டில்தான் அவள் பேச்சு எடுபடவில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தொழிலில் அத்தனை நிதானம். ஒரு லென்ஸை இழைக்க உட்கார்ந்தால் மயிரிழை பிசகாது. ஆனால் ‘ஏழாம் வளையம்’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வேறு ஆளாகிவிடுவார். அது விண்வெளிப் போரைப் பற்றிய பழைய தொலைக்காட்சித் தொடர். மூன்றாம் பாகத்தின் கடைசியில், எல்லோரும் தடுத்தும் கேட்காமல், தளபதி தன் ஒற்றைக் கப்பலோடு எதிரிப் படையின் நட்டநடுவில் பாய்ந்து சிதறிப்போவான். அந்தக் காட்சியை அவர் முப்பது தடவையாவது பார்த்திருப்பார். அவள் ஒரே ஒரு தடவை அவரோடு உட்கார்ந்து பார்த்தாள்.

“பின்னால எரிபொருள் கப்பல் சும்மாத்தானே நிக்குது. அதை ஏன் யாரும் கூப்பிடல?” என்று கேட்டாள்.

அவர் அன்று சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தொடரை வைத்து ஒரு கணினி விளையாட்டு வந்தது. மூன்று பேர் ஓர் அணி. ஆளுக்குப் பத்துக் கப்பல். எதிரணியின் தலைமைக் கப்பலை யார் முதலில் உடைக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. கணவரும், லிஃப்ட் பழுது பார்க்கும் அவர் தம்பியும், கடைக்கு வரும் ஒரு பல் மருத்துவரும் சேர்ந்து ஆடினார்கள். ஆடியதெல்லாம் தோல்வி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். நாலாவது வாரம் முடியவில்லை.

“ஏங்க, முப்பது கப்பலையும் ஒரே வழியில அனுப்பினா ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காம என்ன செய்யும்? எரிபொருள் எங்க இருக்குன்னாவது பாத்தீங்களா?”

“அண்ணி சொல்றது சரிதாண்ணா” என்றார் தம்பி. பல் மருத்துவர் அன்றே விலகிக்கொண்டார். அவர் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். ஒரு மாதத்தில் தலைமையும் அவள் கைக்கு வந்தது. அவளுக்குத் தளபதியும் தெரியாது, வளையமும் தெரியாது. எது எத்தனை நிமிடத்தில் எங்கே போய்ச் சேரும் என்பது தெரியும். அது போதுமாக இருந்தது. தொடர்ந்து ஆறு வெற்றி. கோப்பைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள்.

தொல்லை அங்கே ஆரம்பித்தது. போட்டி என்றதும் கணவருக்குள் தளபதி எழுந்துகொண்டார். முதல் சுற்றில், “பாறைக் கூட்டத்துக்குப் பின்னாலயே நில்லுங்க, நான் சொல்ற வரைக்கும் நகராதீங்க” என்று படித்துப் படித்துச் சொன்னாள். “சரி சரி” என்றார். நாலாவது நிமிடம் பத்துக் கப்பலோடு பாய்ந்தார். பத்தும் போயிற்று. மீதி இருபதை வைத்துக்கொண்டு அவளும் கொழுந்தனும் தட்டுத் தடுமாறி ஜெயித்தார்கள். இரண்டாம் சுற்றிலும் அதே கதை.

“ஏன் போனீங்க?”

“வழி இருந்துச்சு.”

“வழி இருந்தா போயிடறதா? கடையில கண்ணாடி மாட்ட வர்றவங்க கண்ணுல இப்படித்தான் கையை விடுவீங்களா?”

“அது வேலை. இது வேற. ஏழாம் வளையம்னா என்னன்னே உனக்குப் புரியல.”

“எனக்குப் புரிய வேண்டாம். அடுத்த சுற்றுல நீங்க எரிபொருள் கப்பலைப் பாத்துக்குங்க. சண்டைக் கப்பலை நானும் தம்பியும் எடுத்துக்கறோம்.”

அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். “என்னை டேங்கர் லாரி ஓட்டச் சொல்ற” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அணிப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. மூன்றாம் சுற்றில் அவர்களோடு மோதவேண்டிய அணியில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். அதைக் கொழுந்தன்தான் தொலைபேசியில் சொன்னார். “அண்ணி, கோபப்படாதீங்க. அண்ணன் கட்சி மாறிட்டாரு.”

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. ஐம்பது வயதில் ஒரு மனிதர் இதையும் செய்வாரா? மூன்றாவது ஆளுக்காக அவள் பணிமனையில் ஓர் ஓட்டுநரைப் பிடித்தாள். ‘ஆமை’ என்று பெயரெடுத்தவர். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். அவளுக்கு அதுவே சொர்க்கமாகத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கணவர் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். அவர் உள்ளே பேசுவது கேட்டது. ஒட்டுக்கேட்டு ஜெயித்தாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒட்டுக்கேட்க அவசியமும் இல்லை. இருபத்து நான்கு வருடம் கூட வாழ்ந்திருக்கிறாள்.

“தம்பி, உங்க பத்தையும் இடது பக்கம் பாறைக்குள்ள ஒளிச்சு வைங்க. ஆமை அண்ணே, நீங்க வலது பக்கம். நடுவுல யாரும் இருக்கக்கூடாது.”

“நடுவுல நம்ம தலைமைக் கப்பல் தனியா நிக்குமே அண்ணி?”

“நிக்கட்டும்.”

எதிரணித் தலைவர் கெட்டிக்காரர். அப்படித் திறந்து கிடக்கும் வழியைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். தன் கப்பல்களை நகர்த்தவில்லை. ஆறு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது நிமிடம் அவர்கள் அணியிலிருந்து பத்துக் கப்பல் மட்டும் வரிசையை உடைத்துக்கொண்டு நடுவழியில் சீறி வந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எதிரியாக இருந்தும் அவரை அப்படியே திட்டத் தோன்றியது.

“இப்ப” என்றாள்.

இரண்டு பக்கமும் மூடின. அரை நிமிடத்தில் பத்தும் தூளாயின. அவரைக் காப்பாற்ற ஓடி வந்த மற்ற இருவரின் கப்பல்களும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு அதே சந்துக்குள் வந்து சிக்கின. காவலில்லாத அவர்கள் தலைமைக் கப்பலை ஆமை நிதானமாகப் போய் உடைத்தார்.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். வீட்டில் இனி ஒரு வாரம் பேச்சிருக்காது என்று நினைத்தாள். முன்னறைக் கதவு திறந்தது. மனிதர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார்.

“பாத்தியா? அப்படியே அந்தக் காட்சி மாதிரியே இருந்துச்சு. நடுவுல போய், சுத்தி நெருப்பு…”

“உங்க ஆளுங்க உங்களைத் திட்டலையா?”

“வெளிய அனுப்பிட்டாங்க. அது கெடக்கட்டும். அந்த நடுவழியை எனக்குன்னுதானே திறந்து வச்ச?”

“ஆமா. நீங்க வருவீங்கன்னு தெரியும்.”

“அதான்” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பார்த்தே நாளாகியிருந்தது. ஜெயித்தவள் அவள். ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தான் அழிந்த கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஜெயித்ததை ஒருவரும் கேட்கவில்லை.

அரையிறுதியில் யாரோ முன்பின் தெரியாத அணியிடம் பதினோரு நிமிடத்தில் தோற்றார்கள். ஆமை தன் தடத்துக்கே திரும்பிப் போனார். கணவர் ஒரு மாலை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். அவள் யோசித்துச் சொன்னாள்: அவர் பங்குப் பத்தில் ஒன்பது கப்பல் எரிபொருளோடு பின்னால் நிற்கவேண்டும். ஒன்றே ஒன்று அவருடையது, அதை எங்கே கொண்டுபோய் விட்டாலும் ஏனென்று கேட்கமாட்டாள்.

அவர் உடனே ஒத்துக்கொண்டார். இப்போது ஆட்டம் தொடங்கும்போதே அந்த ஒரு கப்பலைக் கழித்துவிட்டுத்தான் அவள் திட்டம் போடுகிறாள். போன வாரம் இரண்டாவதாக ஒன்று கேட்டுப் பார்த்தார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.