பூசி மறைத்தவர்

எங்கள் கண்ணாடிப் பாட்டில் கம்பெனியில் பெயிண்டர் என்றால் அவர் ஒருவர்தான். இருபது வருஷம் நிரந்தரமில்லாத கேஷுவல் ஆளாகவே ஓட்டியவர். வாயில்லாப் பூச்சி. நகக்கண்ணில் எப்போதும் சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும். பைப்புக்குப் பச்சை, மெஷினுக்கு மஞ்சள், தரையில் கோடு என்று வேலை நிறைய இருந்தாலும், காலையில் முதல் வேலை லாக்கர் அறைதான். கதவில் எவனாவது எதையாவது கிறுக்கியிருப்பான். ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்னால் அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட வேண்டும். டப்பா எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர் கீப்பர் நான்.

கிறுக்குவதெல்லாம் ஆங்கிலத்தில்தான். பாதிப் பேருக்கு ஆங்கிலத்தில் லீவு லெட்டர் எழுத வராது. இந்த வார்த்தைகள் மட்டும் தலைகீழ்ப் பாடம். தன் பாஷையில் திட்டினால் எழுதினவன் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். நாலு கேபிடல் எழுத்தை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. பெயிண்டர் அவற்றை ஒரு அட்டைத் துண்டில் பார்த்து எழுதிக்கொண்டு போய், காலேஜில் படிக்கும் மகளிடம் அர்த்தம் கேட்பார். மறுநாள் எனக்குப் பாடம் நடக்கும்.

"ராட்டுன்னா எலி, அதாவது காட்டிக் குடுக்கிறவன். ஸ்னிட்ச்னா கோள்மூட்டி. மோல்னா கூடவே இருந்து வேவு பாக்கிறவன். ஸ்கேப்னா நம்ம கருங்காலி."

"கிராஸ்னு ஒண்ணு பார்த்தேனே?"

"அதுவும் அதுதானாம். புல்லு என்ன அண்ணே பாவம் பண்ணுச்சு?" என்று சிரிப்பார். "ஒரு துரோகத்துக்கு வெள்ளைக்காரன் எத்தனை பேரு வெச்சிருக்கான் பாருங்க. நல்லா பட்டவன்போல."

போன வருஷம் சங்கம் வைக்க வேண்டும் என்று ரகசியமாகக் கூடிப் பேசினார்கள். பேச்சு முற்றும் முன்பே, முன்னால் நின்ற மூன்று பேரின் பெயர் மேனேஜருக்குப் போய்விட்டது. மூன்று பேரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். யார் போட்டுக்கொடுத்தது என்று தெரியாமல் எல்லாரும் எல்லாரையும் முறைத்துக்கொண்டு திரிந்தோம். கடைசியில், அந்த வாரம் மேனேஜர் அறைக்குள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் போனதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். அவர் போனது மனைவியின் ஆபரேஷனுக்கு லீவு கேட்க. அந்த மனைவி பெயிண்டரின் கூடப் பிறந்த தங்கை.

மறுநாள் காலை டிரைவரின் லாக்கரில் ராட் என்று எழுதியிருந்தது. பெயிண்டர் அடித்து மறைத்தார். அடுத்த நாள் ஸ்னிட்ச். அதையும் மறைத்தார். அங்கேதான் மனிதர் தப்பு பண்ணினார். மற்றவர்கள் கதவில் எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறவர், தங்கை வீட்டுக்காரர் என்ற பாசத்தில் இந்தக் கதவை மேலிருந்து கீழ்வரை மூன்று கோட் பெயிண்ட் அடித்தார். பத்து வருஷத்துச் சாயம் வெளுத்த கதவுகளுக்கு நடுவில் அது ஒன்று மட்டும் துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி பளபளத்தது. அதுவரை விஷயமே தெரியாதவன்கூட வாசலில் நின்று, "அது யாரோடது?" என்று கேட்டான்.

அதன்பின் ஃபோர்க்லிஃப்டுக்குக் கை காட்ட ஒருவரும் வரவில்லை. வண்டி முன்னால் தூக்கிப் போகிற பாட்டில் அடுக்கு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். வழி சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஓட்டுகிறவருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. இரண்டு தடவை இடித்து அடுக்கு சரிந்தது. மூன்றாவது தடவை சரிந்தால் வேலை கிடையாது என்று கையில் கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மதியம் பெயிண்டர் ஸ்டோருக்கு வந்து பெயிண்ட் தின்னர் டின்மேல் உட்கார்ந்தார்.

"சொன்னது நான்தான் அண்ணே."

மேனேஜர் கூப்பிட்டாராம். யார் யார் கூடுகிறார்கள் என்று சொன்னால், இந்தப் பேச்சு அடங்கினதும் வேலையை நிரந்தரம் பண்ணித் தருகிறேன் என்றாராம். மூன்று பெயரைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தங்கச்சி புருஷன் நாறிக்கிட்டிருக்கான், நீ கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறியா? எல்லார் முன்னாடியும் போய்ச் சொல்லுய்யா."

"சொல்லலாம்னுதான் போறேன். தொண்டையிலேயே நின்னுடுது."

மறுநாள் காலை பெயிண்டரின் லாக்கரிலேயே ராட் என்று இருந்தது. பிரஷால் எழுதினது. எழுதினவர் அவரேதான் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கதவில் இருப்பதை எங்கள் ஆட்கள் வேதவாக்காக நம்புவார்கள், தான் வாய் திறக்க வேண்டியிருக்காது என்று நினைத்திருக்கிறார். பாழாய்ப்போன ஜனங்கள் அந்த ஒரு தடவை மட்டும் நம்பவில்லை.

"இவரு மேலயா?" என்று கத்தினார் ஃபர்னஸ் மேஸ்திரி. "இது அந்த டிரைவர் வேலைதான். தான் பண்ணினதை சொந்த மச்சான் தலையிலயே கட்டப் பாக்கிறான்."

டிரைவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சட்டைக் காலரில் இரண்டு கை.

"சத்தியமா நான் எழுதல. மச்சான், நீங்களாவது சொல்லுங்க."

எல்லாரும் பெயிண்டரைப் பார்த்தார்கள். யாரோ ஆறுதலாக அவர் தோளில் கை போட்டிருந்தார்கள். இருபது வருஷத்தில் அந்தத் தோளில் கை விழுந்து நான் பார்த்ததில்லை. பெயிண்டர் வாயைத் திறந்தார். சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"விடுங்கப்பா" என்றார். "எங்க வீட்டு மாப்பிள்ளை. ஏதோ புத்தி கெட்டுப் பண்ணிட்டாரு. நான் மனசுல வெச்சுக்கல."

காலரிலிருந்து கைகள் இறங்கின. டிரைவர் மச்சானை ஒரு பார்வை பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் போனார். பத்து மணிவாக்கில் ஸ்டோருக்கு வந்து ஹெல்மெட்டையும் வண்டிச் சாவியையும் என் மேஜைமேல் வைத்தார். வேலையை விட்டுவிட்டாராம்.

"அண்ணே, நீங்க எல்லார்கிட்டயும் பழகுறவரு. மேனேஜர்கிட்ட யாரு சொன்னதுன்னு உங்களுக்காவது தெரியுமா?"

பெயிண்டருக்குக் காலேஜ் போகிற மகள் இருக்கிறாள், எனக்கு ரிடயராக நாலு வருஷம் இருக்கிறது என்று இப்போது ஆயிரம் காரணம் சொல்லலாம். அப்போது எதையும் நினைக்கவில்லை.

"தெரியாதுப்பா" என்றேன். சாவியை வாங்கி ஆணியில் மாட்டினேன்.