கடல்சார் பேக்டரியில் ஓர் அட்டெண்டர்

அட்டெண்டர் வேலை என்பது, காதில் எதுவும் விழாதவன் மாதிரி நின்றுகொண்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வேலை. நீங்களும் ஏதாவது ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவராக இருந்தால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. மறக்க முடியாத பேச்சு நாலைந்து உங்கள் நெஞ்சிலும் கிடக்கும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன், முதுகு வளையாமல் போன பிறகு சாத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். என்னைப் போட்ட இடம் கடல்சார் பொறியியல் மற்றும் பருவநிலைத் தாங்குதிறன் துறை. கரிசல் காட்டுக்கு நடுவில் கடலுக்கு ஒரு துறை. அதற்கு ஒரே ஆசிரியர் தேன்மொழி மேடம். சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டிக்காரர். அப்பா, அம்மா இருவரும் பட்டாசு வேலைக்குப் போனவர்கள். சென்னையில் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய அவரை வருஷா வருஷம் ஒப்பந்தத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நிரந்தர ஆசிரியர் ஒருவராவது இல்லாவிட்டால் துறையை மூட வேண்டும் என்று ஒரு நாள் பேச்சு வந்தது. மூடினால் மேடத்துக்கு வேலை போகும், எங்கள் அலைத்தொட்டி பழைய இரும்புக்கடைக்குப் போகும். அது நடக்க விடுவதில்லை என்று நான் முடிவு செய்தேன். ஒரு அட்டெண்டர் முடிவு செய்து என்ன ஆகப்போகிறது என்று கேட்காதீர்கள். செய்தேன்.

தொட்டி

அலைத்தொட்டி என்பது கண்ணாடிச் சுவர் வைத்த நீளமான தொட்டி. ஒரு முனையில் மோட்டாரில் ஓடும் பலகை இருக்கும். அது முன்னும் பின்னும் தள்ளினால் அலை எழும்பி, மறுமுனையில் போட்டிருக்கும் மணல்மேட்டில் மோதும். கடற்கரை எப்படி அரிக்கிறது, எங்கே கல் போட்டால் நிற்கும் என்று மேடம் பிள்ளைகளுக்கு அதில்தான் காட்டுவார். கண்ணாடி துடைப்பதும் தண்ணீர் நிரப்புவதும் என் வேலை.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மெக்கானிக்கல் துறைத் தலைவர் பிள்ளைகள் கூட்டத்தோடு அந்த வழியாக வந்தார். மேடமும் அங்கேதான் இருந்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அந்தத் தலைவர் என்னிடம் கேட்டார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மேடத்தின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த மனிதர் வணக்கம் வைத்தால் நான் திருப்பி வைப்பதில்லை. அவர் கேட்டது இதுதான்: "என்ன அண்ணாச்சி, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?"

லோடு வந்த நாள்

கோடையில் கல்லூரி போர்வெல் வற்றியதும் தொட்டிக்கு லாரியில் தண்ணீர் வந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்து கேட்டிலேயே லாரியை மறித்துவிட்டார்கள். "குடிக்கத் தண்ணியில்லாம ஊரே கெடக்கு, நீங்க அலை விட்டு வெளையாடுதீகளோ?" என்று ஒரு அம்மா என் சட்டையைப் பிடித்தார். டிரைவர் இறங்கி ஓடிவிட்டார். ஓட முடியாத ஆள் நான்தான்.

மேடம் வந்து பார்த்தார். "குழாயைத் திறந்து விடுங்க அண்ணாச்சி, அலைக்கு இன்னைக்கு லீவு" என்றார். குடங்கள் நிரம்பின. கோபமாக இருந்த அம்மாவும் நிரப்பிக்கொண்டார். போகும்போது இடுப்புக் குடத்தோடு திரும்பி, மேடத்தை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்: "ஏத்தா, அலைக்குப் படிச்சவளே, அதை மழைக்குப் படிச்சிருக்கக் கூடாதா?"

நோட்டீஸ்

கடைசியில் அந்த ஒரு நிரந்தர இடத்துக்கு ஆள் எடுக்க நிர்வாகம் சம்மதித்தது. மேடமும் மற்றவர்களோடு போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும். பேப்பரில் இங்கிலீஷில் விளம்பரம் வந்தது. நோட்டீஸும் அடித்து ஒட்டச் சொன்னார் தாளாளர். நோட்டீஸ் அடிக்காமல் கல்யாணம் நடந்தால்கூட நம்பாத மனிதர் அவர். 'கடல்சார் ஃபேகல்ட்டி தேவை' என்று எழுதிச் சிவகாசிக்குக் கொடுத்து அனுப்பினார்கள். அச்சகத்துக்காரர் பிறந்ததிலிருந்து பட்டாசு லேபிள் அடிப்பவர். கல்லூரிக்காரர்கள் எழுத்துப் பிழை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, நல்ல மனசோடு திருத்தி, 'கடல்சார் பேக்டரிக்கு ஆள் தேவை' என்று அடித்துவிட்டார்.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய மறுநாள் காலை, கேட்டில் கூட்டம். சீசன் முடிந்து கம்பெனிகள் பாதிதான் ஓடிக்கொண்டிருந்த நேரம். அச்சங்குளத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தார்கள். இது வாத்தியார் வேலை என்று நான் தொண்டை வற்றக் கத்தினேன். முன்னால் நின்ற அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும்யா, கடல்சார்னா என்ன ஐட்டம்? ஃபேன்சியா, சத்தவெடியா?"

மச்சான்

என் மனைவியின் அண்ணன் தாயில்பட்டியில் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறார். அவர் வீட்டுக் காதுகுத்தில், பந்தியில், சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "நம்ம மச்சான் கடல்ல வேலை பாக்காரு. கப்பல் எப்ப மச்சான் வரும்?" நான் பாதி இலையில் எழுந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

இன்டர்வியூவை நிர்வாகம் தள்ளிப்போட்டுக்கொண்டே போனது. அந்த நேரத்தில், மழையே வராத மாதத்தில் மழை கொட்டியது. மச்சானின் கம்பெனி ஓரத்து ஓடை பொங்கி, மருந்துக் கலவை அறை வாசல்வரை தண்ணீர் வந்துவிட்டது. அலுமினியப் பவுடரில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். அடுத்து என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அன்றைக்குத் தப்பித்தது அதிர்ஷ்டம்.

மறுநாள் மச்சான் எங்கள் துறை வாசலில் வந்து நின்றார். ஸ்டூலை நான் நகர்த்திப் போடவில்லை. மேடம்தான் உள்ளே கூப்பிட்டார். அவருடைய இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தொட்டியில் மணலைச் சரிவாகக் கொட்டி, ஓடையைக் கீறி, அறைகளுக்குச் செங்கல் துண்டு வைத்துத் தண்ணீரை விட்டார். ஆபீஸ் நனையக் கூடாது என்று மச்சான் கட்டிய சுவர்தான் தண்ணீரைக் கலவை அறைப் பக்கம் திருப்பியது. அதைக் கண்ணால் பார்த்ததும் மச்சான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவரை உடைத்து, மேடம் காட்டிய இடத்தில் வாய்க்கால் வெட்டினார். அடுத்த மழைக்குக் கலவை அறை வாசலில் ஈரமே இல்லை. மழை விட்டதும் எனக்குத்தான் முதல் போன்: "மச்சான், கப்பல் வந்துருச்சு. கோவத்தை விட்டுட்டுச் சாப்பிட வாங்க."

இன்டர்வியூ

சாப்பிடப் போகவில்லை. இன்டர்வியூ நாள் வந்துவிட்டது.

சென்னையிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். மேடம் கைத்தறிச் சேலையில் வந்தார். வெளியே காத்திருந்தபோது, "இது இல்லேன்னா சென்னைக்கே போயிரலாம்னு இருக்கேன் அண்ணாச்சி" என்றார். உள்ளே கேள்வி கேட்பவர்களில் ஒருவர் மெக்கானிக்கல் தலைவர். எல்லாருக்கும் சூடாகக் காபி வைத்தேன். அவருக்கு மட்டும் ஆறிப்போனது.

ட்ரேயோடு சுவரோரம் நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை. அட்டெண்டர் யார் கண்ணிலும் படுவதில்லை. மற்றவர்கள் அலை, அரிப்பு என்று இங்கிலீஷில் கேட்டார்கள், மேடமும் இங்கிலீஷில் சொன்னார். மெக்கானிக்கல் தலைவர் மட்டும் தமிழுக்கு வந்தார். "எல்லாம் சரிம்மா, இந்த மாவட்டத்துல கடல் எங்க இருக்கு?" தாளாளர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. "கடல் இங்கன வராது சார். அது அனுப்புற மழை வருது. அன்னைக்குத் தாயில்பட்டியில கலவை ரூம் வாசல் வரைக்கும் வந்துச்சு."

பெயர்ப்பலகை

வேலை மேடத்துக்குத்தான் கிடைத்தது. துறையும் நின்றது, தொட்டியும் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் தாளாளர் வாசலுக்குப் புதுப் பலகை செய்யச் சொன்னார். அதே அச்சகம். தாள் சுற்றி வந்ததைப் பிரித்தால், பளபளக்கும் எழுத்தில் 'கடல்சார் பொறியியல் பேக்டரி' என்று இருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. பஸ் ஏறிப் போய் அந்த அச்சகத்துக்காரர் தலையிலேயே அதை மாட்டிவிட்டு வருவதென்று பலகையைக் கக்கத்தில் இடுக்கிவிட்டேன். மேடம் என் கையிலிருந்து அதை வாங்கிப் படித்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஆணியையும் சுத்தியலையும் எடுத்து என்னிடமே நீட்டினார்: "மாட்டுங்க அண்ணாச்சி. நம்ம பக்கம் பேக்டரின்னாத்தான் நாலு பேரு மதிப்பாக."

மெக்கானிக்கல் தலைவர் இப்போது அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு முதலில் வணக்கம் வைக்கிறார். தொட்டியில் தண்ணீர் இருக்கிறவரை நான் திருப்பி வைப்பதாக இல்லை.